கலியாணப் படங்களில் முகங்களை மாற்றாதீர்கள்: மட்டக்களப்பு, அம்பாறைப் படப்பிடிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கலியாணப் படம் எடுக்கும் தம்பிமாருக்கும், கணினிக்கு முன் இருந்து அந்தப் படங்களைத் திருத்தும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளின் நிறத்தையும் முகத்தையும் மாற்றாதீர்கள்.

அண்மையில் என் தங்கையின் மகளுடைய கலியாண அல்பம் கைக்கு வந்தது. தாளும் கட்டும் அருமை. ஆனால் பிறந்ததிலிருந்து அவள் தாடையில் இருக்கும் மச்சத்தைக் காணவில்லை. மாநிறப் பிள்ளை பால் நிறத்தில் நிற்கிறாள். விரல்கள் மட்டும் அவளுடைய சொந்த நிறத்தில் இருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. வெற்றிலைக் காவி ஏறிய உதடு இளஞ்சிவப்பாகிவிட்டது. காலமெல்லாம் தோடு போட்டு இழுபட்ட காதுத் துளையைக்கூட யாரோ அடைத்துவிட்டிருக்கிறார்கள். படுவான்கரையில் வயல் செய்யும் தகப்பன் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். அந்தக் கைகளில் ஒரு காய்ப்பு, ஒரு வெடிப்பு இல்லை. அந்தக் கைகள் உழைத்துத்தான் அந்தக் கலியாணம் நடந்தது.

அல்பத்தைப் புரட்டி முடித்த பெண், "பெரியம்மா, நான் அவ்வளவு கறுப்பா?" என்று கேட்டாள். கலியாண வீட்டில் ஒருவரும் அவளை அப்படிச் சொல்லவில்லை. படத்தைத் திருத்தியவர் வாய் திறக்காமலே சொல்லிவிட்டார். அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

வீட்டுக்காரர்தான் வெள்ளையாக்கித் தரச் சொல்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. சம்பந்தம் பேசப் படம் அனுப்பும் நாளிலேயே அந்தப் பழக்கம் தொடங்கிவிடுகிறது. கேட்கும் தாய்மாருக்கும் இந்த மடல் பொருந்தும். ஆனால் எத்தனை வீடுகளில் மணப்பெண்ணிடம் கேட்கப்படுகிறது? ஒருவரும் கேட்காமலே, எல்லாப் படங்களுக்கும் ஒரே அமைப்பைப் போட்டு ஓட்டிவிடுவதும் நடக்கிறதே.

தொழில் உங்களுடையது, ஆனால் விளைவு எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. தோலை வெளுக்கச் செம்மஞ்சள் நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டுகிறீர்கள். நம் தோல் மட்டுமா அந்த நிறத்தில் இருக்கிறது? தாலிக்கொடியின் பொன்னும், மஞ்சள் பூசிய கயிறும், கூறைப்புடவையின் சரிகையும் சேர்ந்து வெளிறுகின்றன. முகத்தை மழுமழுப்பாக்கும்போது தோலின் நுண்துளைகள் போய்விடும். கன்னத்தின் சிறு மேடுபள்ளமும் மங்கிப் போகும். பிறகு பத்து மணப்பெண்களின் அல்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே முகம்தான் இருக்கும்.

குறையில் பாதி, படம் எடுக்கும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மணவறையில் ஊதாவும் நீலமுமாக விளக்குப் போட்டால் எந்தத் தோலும் நோயாளியின் தோல்போலத்தான் விழும். தாலி கட்டும் அந்தச் சில நிமிடங்களுக்காவது அவற்றை அணைக்கச் சொல்லி அலங்காரக்காரரிடம் கேளுங்கள். முகூர்த்தம் முடிந்த கையோடு பன்னிரண்டு மணி வெயிலில் மணமக்களைக் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப் போகிறீர்கள். கண்குழியில் நிழல் விழுகிறது, மூக்கு மின்னுகிறது. அதைத் திருத்தப் போய்த்தான் முகம் முழுவதையும் மாற்ற வேண்டி வருகிறது. நான்கரை மணி கழியட்டும். வெயில் வாவிப் பக்கம் சாய்ந்த பிறகு அதே பாலத்தில், அதே முகத்தில், திருத்த அவ்வளவு வேலை இருக்காது.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இந்தக் கரையும் ஒரு காரணம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. நாவலடியிலும் கல்லடியிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் கடல் வீடுகளோடு அல்பங்களையும் கொண்டு போனது. அதற்கு முன்னர் போரில் இடம்பெயர்ந்து, உடுத்த துணியோடு ஓடியவர்களும் அப்படித்தான். தாயின் முகத்தைப் பார்க்க உறவினர் வீட்டு அல்பங்களில் தேடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யாரோ ஒருவரின் கலியாணத்தில், பந்தியில் அமர்ந்திருந்த தாய் ஓர் ஓரத்தில் விழுந்திருப்பாள். அந்த ஓரத்து முகம் அவளுடையதாக இருக்க வேண்டாமா? இன்றும் ஒருவர் இறந்தால் மரண அறிவித்தலுக்கும், வீட்டுச் சுவரில் மாலை போட்டு வைக்கவும் பெரும்பாலும் கலியாண வீட்டுக் குழுப்படம் ஒன்றிலிருந்துதான் முகத்தை வெட்டி எடுக்கிறோம். நீங்கள் இன்று சுருக்கத்தைத் துடைக்கும் அந்த அம்மம்மாவின் கடைசிப் படம் அதுவாக இருக்கலாம்.

பிரான்சில் 2017 ஒக்டோபர் முதல், விளம்பர மொடல்களின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றினால் படத்தின் மேல் அதைக் குறிப்பிட வேண்டும். நோர்வேயில் 2022 ஜூலை முதல், தோலை மாற்றிய விளம்பரத்துக்கும் அந்த விதி உண்டு. விற்பனைக்கு நிற்கும் மொடலுக்கே இவ்வளவு கவனம் என்றால், வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் முளைத்த பருவை எடுங்கள். வியர்வை மினுமினுப்பைக் குறையுங்கள். பின்னால் தொங்கும் மின்கம்பியை அழியுங்கள். இரண்டு கிழமையில் தானாகப் போய்விடுவது எதுவோ அதை எடுக்கலாம். மச்சம், தழும்பு, நிறம், மூக்கின் வடிவம், இடுப்பின் அளவு ஆகியவற்றில் கைவைக்க வேண்டாம். கைவைக்கத்தான் வேண்டும் என்றால், அல்பம் அச்சுக்குப் போக முன்னர், முன்னும் பின்னுமாக இரண்டு படங்களை அந்தப் பெண்ணுக்கே அனுப்புங்கள். தாய்க்கோ மாமிக்கோ அல்ல, அவளுக்கு. காத்தான்குடியில் நிக்காஹ் வீட்டுப் படமானாலும், ஆலயத்துத் திருமணமானாலும் இதே முறைதான். அல்பத்தோடு திருத்தாத படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். அதற்குக் கூலி கேட்டால் நியாயமானதைத் தருவோம்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து ஒரு பெரியம்மா