விட்ட சால்மன் பிழைக்கிறதா?

ஆசிரியருக்கு,

வணக்கம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மன் மீன் பிடிக்கும் பருவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஃப்ரேசர் ஆற்றங்கரையில் நம்மவர்கள் தூண்டிலோடு நிற்பதைத் தமிழில் படிக்கக் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட்டால் யாருக்கும் நட்டமில்லை, அது பாட்டுக்கு நீந்திப் போய்விடும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தது உறுத்தியது. நானும் பல வருடமாக இங்கே தூண்டில் போடுகிறவன்தான். கையை விட்ட மீன் நீந்திப் போவது உண்மை. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவது முதல் பத்து மீட்டர் மட்டும். அதற்குப் பிறகு நடப்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வாளர்கள் முப்பது நாற்பது வருடமாகத் தலையை உடைத்துக்கொள்கிறார்கள்.

தூண்டிலில் மாட்டிய சால்மன் சும்மா வருவதில்லை. இழுத்து, பாய்ந்து, திரும்பி ஓடி, கடைசியில் முழுக்கக் களைத்துத்தான் கைக்கு வரும். தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்திருக்கும், இரத்தத்தின் அமிலத்தன்மை ஏறியிருக்கும். அது பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு கடல்நாய் பக்கத்தில் இருந்தால் மீனின் கதை முடிந்தது. கைவலையில் உரசிச் செதில் உதிர்ந்த இடத்தில் சில நாளில் பூஞ்சை பிடிக்கலாம். அது போதாதென்று, முட்டையிட ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் இரை எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. கடலில் சேர்த்து வைத்த கொழுப்பை வைத்துத்தான் மீதிப் பயணம் முழுவதும். நம்மோடு போராடிச் செலவழித்த சக்தியைத் திரும்பச் சம்பாதிக்க அதற்கு வழியே இல்லை.

சரி, இதை எப்படி அளப்பது? பிடித்த மீன்களை ஒரு கூண்டில் போட்டு ஒரு நாள் வைத்திருந்து, செத்தவற்றை எண்ணலாம். பழைய ஆய்வுகள் பல அப்படித்தான் நடந்தன. ஆனால் கூண்டுக்குள் கடல்நாய் வராது, அதனால் கணக்கு குறையும். அடைத்து வைப்பதே மீனுக்குப் பெரும் தொல்லை, அதனால் கணக்கு கூடவும் செய்யும். இரண்டாவது வழி, மீனுக்குள் அலையை அனுப்பும் ஒரு சின்னக் கருவி வைத்து விட்டுவிடுவது. ஆற்றில் ரேடியோ அலை வேலை செய்யும். உப்புத் தண்ணீரில் அது எடுபடாது என்பதால், கடலில் ஒலி அலையை அனுப்பும் கருவியும் அடித்தளத்தில் அதைக் கேட்கும் வாங்கிகளும் வேண்டும். இங்கேயும் சிக்கல் உண்டு. அடுத்த வாங்கியில் கேட்காத மீன் செத்துவிட்டதா, வேறு வழியில் போய்விட்டதா, இன்னொருவர் வீட்டுச் சட்டியில் கொதிக்கிறதா? ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மீன்தான். பிடிபடாத சால்மனோடுதான் பிடிபட்டதை ஒப்பிட வேண்டும். பிடிக்காமல் அதற்கு எப்படிக் கருவி வைப்பது? அதனால் ஆற்றுத் தடுப்பிலோ இழுவலையிலோ கொஞ்சம் பதமாகப் பிடித்த மீன்களை வைத்து ஒப்பிடுகிறார்கள். அதுவும் முழுச் சுகத்தோடு இருக்கும் மீன் என்று சொல்ல முடியாது. என் சொந்தச் சந்தேகம் ஒன்றும் இருக்கிறது. ஆய்வுக்கு மீன் பிடித்துக் கொடுக்க முன்வருகிறவர்கள் பெரும்பாலும் கை தேர்ந்தவர்களாகவே இருப்பார்கள். மீனைப் பாறையில் புரள விட்டு, தூண்டில் முள்ளைப் பிடுங்க இடுக்கியைத் தேடி அலைகிறவர் அந்தக் கணக்கில் வருகிறாரா?

இத்தனை சிக்கலுக்கு நடுவிலும் கிடைத்திருக்கும் விடைகள் மதிப்புள்ளவை. அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் 1989 முதல் 1991 வரை சினூக் என்ற வகைச் சால்மன்களுக்கு ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். விடப்பட்டவற்றில் சராசரியாக 7.6 சதவீதம் செத்தன. ஒரிகனின் வில்லாமெட் ஆற்றுச் சினூக்குகளில் அது சுமார் 12 சதவீதம். இந்த வில்லாமெட் ஆய்வில் என் கண்ணில் பட்டது சராசரி அல்ல, முள் எங்கே குத்தியது என்ற கணக்கு. தாடையில் குத்திய மீன்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் செத்தன. செவுளில் குத்தியவற்றில் நூற்றுக்கு எண்பது போல. ஒரே ஆறு, ஒரே மீன், சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

அலாஸ்காவின் லிட்டில் சுசிட்னா ஆற்றில் கோஹோ என்ற இன்னொரு வகைச் சால்மனை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் தூக்கிவாரிப் போடும். கழிமுகத்தில் பிடித்து விடப்பட்டவற்றில் 69 சதவீதம் செத்தன. அதே ஆற்றில் மேலே பிடித்து விடப்பட்டவற்றில் 12 சதவீதம்தான். கடலிலிருந்து அப்போதுதான் நுழையும் மீனுக்குச் செதில் இளக்கமாக இருக்கும், தொட்டால் உதிரும். உடம்பு உப்புத் தண்ணீரிலிருந்து நன்னீருக்கு மாறிக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான். இந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகு, சால்மனை விட்டால் இத்தனை சதவீதம் சாகும் என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்த இடத்தில், எந்த மீனில் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

காற்றுக்கு வருவோம். தண்ணீருக்கு வெளியே வந்ததும் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மீனால் மூச்சு எடுக்க முடியாது. 1992-ல் கனடாவில் வெளிவந்த ஓர் ஆய்வில் சால்மனின் உறவான வானவில் டிரவுட் மீன்களைக் களைக்கும் வரை விரட்டினார்கள். விரட்ட மட்டும் செய்தவற்றில் 12 சதவீதம் செத்தன. களைத்த பிறகு 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம், 60 வினாடி வைத்தவற்றில் 72 சதவீதம். இது ஆய்வகத் தொட்டியில், அறுவை செய்து குழாய் பொருத்திய மீன்களில் நடந்தது. அதை அப்படியே ஃப்ரேசரின் சால்மனுக்குத் தூக்கிப் பொருத்துவது தப்பு. சிலர் இந்த எண்களை வைத்துப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

வெப்பமும் அப்படித்தான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். கனடாவின் கிழக்கே நியூ பிரன்ஸ்விக்கின் மிராமிச்சி ஆற்றில் இரவில்கூடத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இரண்டு நாள் போனால், அட்லாண்டிக் சால்மன் ஒதுங்கும் குளிர்ந்த மடுக்களில் தூண்டில் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். விட்டுவிடத்தானே போகிறோம் என்ற வாதம் அங்கே எடுபடாது. 

மீனைப் பார்த்தே அதன் கதியை ஓரளவு சொல்லிவிட ஒரு வழி இருக்கிறது. ஆய்வாளர்கள் இதை அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். தண்ணீருக்குள் வைத்தே வாலைப் பிடிப்பார்கள், உதறிக்கொண்டு ஓடப் பார்க்கிறதா? நடு உடம்பைப் பிடித்தால் நெளிகிறதா? வாய் சீராகத் திறந்து மூடுகிறதா? உடம்பைப் பக்கவாட்டில் உருட்டும்போது கண் மட்டும் எதிர்ப்பக்கம் சுழன்று மட்டமாக நிற்கப் பார்க்கிறதா? கடைசியாக, வயிறு மேலே வரும்படி கவிழ்த்து விட்டால் மூன்று வினாடிக்குள் நிமிர்கிறதா? ஃப்ரேசரில் வேறு மீனுக்குப் போட்ட வலையில் தவறிச் சிக்கிய கோஹோக்களில் இதைச் சோதித்துப் பின்தொடர்ந்தபோது, இந்த அசைவுகளை அதிகம் இழந்தவைதான் மேலே போய்ச் சேராமல் தொலைந்தன. அந்தக் கண்ணை நீங்களே ஒருமுறை கவனித்துப் பாருங்கள். நல்ல மீனின் கண் நம்மைப் பார்த்தபடியே உருளும். களைத்த மீனின் கண் உடம்போடு ஒட்டிச் சுற்றும், பொம்மைக் கண் மாதிரி.

இதெல்லாம் ஆய்வாளர்களின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மீன்வளத் துறை ஒரு பருவத்தில் எத்தனை சால்மன் செத்தது என்று கணக்குப் போடும்போது, கரைக்குக் கொண்டுவந்ததோடு, விட்டதில் ஒரு பங்கையும் செத்ததாகச் சேர்க்கிறது. 10,000 மீன் விடப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பங்கு 5 சதவீதம் என்றால் 500 மீன், 20 சதவீதம் என்றால் 2,000 மீன். குறைந்து போன ஒரு கூட்டத்துக்கு அந்த 1,500 மீன் வித்தியாசம், ஆற்றைத் திறப்பதா மூடுவதா என்பதையே தீர்மானித்துவிடும். அடுத்த வருடம் நமக்குத் தூண்டில் போட அனுமதி உண்டா என்பது இந்த எண்ணில் தொங்குகிறது. அது தப்பாக இருந்தால் ஒன்று மீன் அழியும், இல்லாவிட்டால் காரணமில்லாமல் நாம் வீட்டில் உட்கார வேண்டும்.

இங்குள்ள பழங்குடி மக்கள் பலர், சாப்பிடப் போகாத மீனைப் பிடித்து விளையாடுவதே மரியாதைக் கேடு என்கிறார்கள். அதற்கு எந்த ஆய்வாலும் பதில் சொல்ல முடியாது, நானும் சொல்ல முயலவில்லை. ஆனால் விரும்பாவிட்டாலும் விட்டே ஆக வேண்டிய நிலைமை நமக்கு அடிக்கடி வருகிறது. முதுகில், வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டியிருந்தால் அது குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்து, அடையாளத்துக்காகத் துடுப்பு வெட்டி விடப்பட்ட மீன். பல இடங்களில் கோஹோவில் அதை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். துடுப்பு இருந்தால் ஆற்றில் தானாகப் பிறந்த காட்டு மீன் என்று கொண்டு விட வேண்டும். இதைப் பார்க்க மீனைத் தூக்க வேண்டியதே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, வால் பக்கமாகக் குனிந்தாலே தெரியும். ஆனால் பாதிப் பேர் முதலில் தூக்குகிறார்கள், அப்புறம் பார்க்கிறார்கள்.

பக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்து ஆறுகளில் விட வேண்டிய சால்மனைத் தண்ணீருக்கு வெளியே முழுதாக எடுப்பதே சட்ட விரோதம். நமக்கு இங்கே சால்மனுக்கு எதிர்முள் (குத்தியது கழலாமல் பிடிக்கும் சின்னக் கூர்) இல்லாத தூண்டில் முள்தான் என்ற விதி இருக்கிறது, நல்லது. ஆனால் முள்ளைச் சுலபமாகக் கழற்றிவிட்டு, பிறகு நான்கு கோணத்தில் படம் எடுத்தால் என்ன பிரயோசனம்? உங்கள் இதழின் வாசகர் படப் பக்கத்தில், காட்டுச் சால்மனை மார்போடு அணைத்துத் தூக்கிப் பிடித்து, பின்னர் விடுவிக்கப்பட்டது என்று கீழே குறிப்புப் போட்ட படங்கள் அடிக்கடி வருகின்றன. விட்ட மீன் என்றால் தண்ணீரில் இருக்கும் படத்தை மட்டும் போடுங்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது. படத்தின் அழகும் குறையாது. நனைந்த கையும், தண்ணீருக்குள் தெரியும் வெள்ளி முதுகும் எனக்கு இன்னும் பிடிக்கும்.

வாசகர்களுக்கும் ஒன்று. ஆய்வுக்காக அடையாளம் கட்டிய சால்மன் உங்களிடம் மாட்டினால், அதில் அச்சிட்ட எண்ணுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். துடுப்பு வெட்டிய சினூக்கையோ கோஹோவையோ வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், அதன் தலையை, ஆய்வுக்காக மீன் தலைகளை வாங்கும் நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். மூக்குக்குள் மில்லிமீட்டர் அளவில் ஒரு குறிக் கம்பி இருக்கலாம், எந்தப் பொரிப்பகத்தில் எந்த வருடம் பிறந்தது என்பது அதில்தான் இருக்கிறது. குழம்புக்குத் தலை வேண்டுமே என்று வீட்டில் சண்டை வரும், தெரியும். அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தூண்டில்கார வாசகர்,
பிரிட்டிஷ் கொலம்பியா