மரம் அரியும் மெசின் வாங்கப்போகும் நண்பனுக்கு

செங்கலடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகன் அக்கரைப்பற்றுப் பக்கத்தில் மரம் தறிக்கும் தொழிலைத் தனியாக எடுத்து நடத்தப்போகிறான் என்பதை வாசித்து மிகவும் சந்தோசப்பட்டேன். இங்கே எல்லோரும் சுகம். பெரும்போக அறுவடை முடிந்து, கச்சான் காற்று எழுவதற்கு முன் வளவுகளில் சாய்ந்து நிற்கும் மரங்களைத் தறிப்பிக்க ஆட்கள் வந்தபடி இருப்பதால் எனக்கும் கை ஓய்வில்லை. அதனால்தான் பதில் பிந்திவிட்டது.

எஞ்சின் அளவில் ஐம்பது சிசி முதல் எழுபது சிசி வரையான செயின் சோக்களில், வலுவையும் நம்பகத்தையும் பார்த்து எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். தொழில்காரர்கள் பேசுவது பெரும்பாலும் ஸ்டில், ஹஸ்க்வானா என்ற இரண்டு பெயர்களைப் பற்றித்தான். முன்னது ஜெர்மன், பின்னது சுவீடன். ஆனால் ஒரே அளவு மெசின்களை எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே வலுவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்டில் எம்.எஸ். 361 என்பது 59 சிசி, 3.4 கிலோவாட், ஹஸ்க்வானா 562 எக்ஸ்.பி. 59.8 சிசி, 3.5 கிலோவாட். இந்தச் சிறு வித்தியாசத்தை எந்த மரத்திலும் கையால் உணர முடியாது. உண்மையான வித்தியாசம் அளவுக்கு அளவுதான். எம்.எஸ். 261 போன்ற 50 சிசி மெசின் 3 கிலோவாட் வலுவுடன், பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) சங்கிலியும் இல்லாமல், ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும், எம்.எஸ். 382 அல்லது 372 எக்ஸ்.பி. போன்ற எழுபது சிசிக்காரன் ஏறத்தாழ 4 கிலோவாட் தருவான், ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலான பாரத்தை நாள் முழுவதும் தோள் தாங்க வேண்டும்.

மகன் வாகரைப் பக்கத்து ஆட்களைப் போல பாலையையும் முதிரையையும் அடியோடு அரியப் போவதில்லை. பாலை தண்ணீரில் அமிழும் மரம். அதில் இருபது அங்குலப் பார் முழுவதும் புதைந்த பிறகும் வேகம் விழாமல் இழுக்க எழுபது சிசி வேண்டும். உங்கள் கரையோரத்தில் அவனுக்குக் கிடைக்கப்போவது தென்னை, மா, வேம்பு, இடைக்கிடை ஒரு புளி. அதற்கு அறுபது சிசியும் பதினெட்டு அங்குலப் பாரும் தாராளம் என்பது என் முடிவு.

அடுத்தது நம்பகம். இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். புதிய மெசின்கள் பலவற்றில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேற்றரை மின்னணு முறையே சரிசெய்கிறது. ஸ்டில்காரர் அதை எம்-ட்ரொனிக் என்பார்கள், ஹஸ்க்வானாகாரர் ஓட்டோடியூன் என்பார்கள். எயர் பில்டரில் தூசி ஏறினாலும் வெயில் கூடினாலும் பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவை அது தானாக மாற்றிக்கொள்ளும். திருகாணியை எப்படித் திருப்புவது என்று தெரியாத பொடியன்களின் கையில் இது பிஸ்டனைக் காப்பாற்றும்; அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த முறையில் கோளாறு வந்தால் கணினியில் பொருத்திப் பார்க்கும் கருவி உள்ள இடத்துக்கே மெசின் போக வேண்டும். அது திரும்பி வரும்வரை கூலியாட்கள் சும்மா இருப்பார்கள், மரத்துக்கு முற்பணம் கொடுத்தவர் வாசலில் நிற்பார். ஒரேயொரு மெசினுடன் தொழில் தொடங்குகிறவன் திருகாணி உள்ள சாதாரண கார்பரேற்றரையே வாங்க வேண்டும். இரண்டாவது மெசின் வாங்கும் காலத்தில் மின்னணு வகையைப் பற்றி யோசிக்கலாம்.

எந்தப் பெயரானாலும், கெட்டுப்போனது என்று கராஜுக்கு வருகிற மெசின்களில் பெரும்பாலானவை தாமாகக் கெட்டவை அல்ல. பழைய மெசின் ஏதாவது விலைக்கு வந்தால், மகனைச் சைலன்சரைக் கழற்றிப் பார்க்கச் சொல். அந்தத் துவாரத்தின் ஊடாகப் பிஸ்டனின் பக்கம் தெரியும். கயிற்றை மெல்ல இழுத்தால் அது ஏறி இறங்கும். பளபளப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்து சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் ஒயில் போதாமலோ, எங்கோ காற்றுக் கசிந்து கலவையில் பெற்றோல் குறைந்தோ ஓடியிருக்கிறது. கார்பரேற்றரையும் கழற்றிப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தில் மட்டும் கீறல் இருந்தால் பில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. விற்பவர் என்ன சொன்னாலும் கேட்க வேண்டாம், பிஸ்டன் பொய் சொல்லாது. செம்மஞ்சள் நிறத்தில் அச்சு அசலாக வருகிற போலிகளும் சந்தையில் உண்டு. விலை அரைவாசி என்றால் அங்கே நிற்கவே வேண்டாம்.

பெற்றோல் லீற்றருக்கு டூ ஸ்ட்ரோக் ஒயில் 20 மில்லிலீற்றர். கண்ணளவில் ஊற்றக் கூடாது, மாதக்கணக்கில் கானில் கிடந்த கலவையையும் ஊற்றக் கூடாது. கச்சான் காலத்து நடுப்பகலில் சூடேறிய மெசினை நிறுத்திவிட்டு உடனே இழுத்தால் சில மெசின்கள் அடம்பிடிக்கும். கார்பரேற்றருக்குள் பெற்றோல் ஆவியாகிவிடுவதே காரணம். நிறுத்துவதற்கு முன் சற்று நேரம் வெட்டாமல் மெதுவாக, ஐட்லில், ஓடவிட்டு, பிறகு நிழலில் வைத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

வலுவைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, அதில் பாதி சங்கிலியில் இருக்கிறது. உங்கள் பக்கத் தென்னையின் அடியில் கடற்கரை மணல் ஏறியிருக்கும். ஓரிரு வெட்டிலேயே பல் மழுங்கிவிடும். வெட்டு வாயிலிருந்து சீவல் சீவலாக விழுந்தால் பல் சரி. மாவாகப் பறந்தால் உடனே நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும். எட்டில் மூன்று அங்குல ஸ்டில் சங்கிலிக்கு 5.2 மில்லிமீற்றர் வட்ட அரம், முப்பது பாகை சாய்வு. பல்லுக்கு முன்னால் உள்ள மேடு பல்லின் நுனியை விட 0.65 மில்லிமீற்றர் தாழ்வாக இருந்தால் போதும். அதற்கு மேல் தாழ்த்தினால் மெசின் உதறும், பின்னடி அடிக்கும், அதாவது பார் சட்டென்று ஆளை நோக்கி எகிறும். அதற்காகவே, சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் சங்கிலிப் பிரேக்கைத் தினமும் காலையில் தட்டிப் பார்க்கச் சொல். காலுக்கான பாதுகாப்புக் காற்சட்டையை மெசினோடு சேர்த்தே வாங்கு. இதில் நீ காசு பார்த்தால் நான் உன்னோடு கோபிப்பேன்.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். வளவுச் சொந்தக்காரர் "பரவாயில்லை, தறியுங்கள்" என்று சொன்னாலும் பிரதேச செயலகக் கடிதத்தைக் கையில் வாங்காமல் அவன் மெசினை இழுக்கக் கூடாது.

கடையில் விலை கேட்டதும் எந்த மொடல், எத்தனை அங்குலப் பார் என்று எனக்கு எழுது. காசைக் கொடுப்பதற்கு முன் எழுது. முடிந்தால் அன்று நானும் பஸ் ஏறி வருகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய நண்பன்