அட்டவணையில் விடுபட்ட வரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 3060 என்ற இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் (கம்ப்யூட்டரில் திரைப் படத்தை வரையும் அட்டைகள்) ஒப்பீட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் அனிமேஷன் படிக்கிறான். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, பேப்பர்லயே போட்டிருக்காங்க, 4060க்கு 15 டெராஃப்ளாப்ஸ், 3060க்கு 12.7தான், 4060ஐயே வாங்கிடலாமா?" என்று நிற்கிறான். அவன் அம்மா சீட்டு எடுத்த பணத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் பொறுடா என்று ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன்.

நீங்கள் போட்ட எண் தப்பில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது யாரும் கார்டை ஓட்டிப் பார்த்து அளந்த எண் இல்லை, வெறும் பெருக்கல் கணக்கு. கோர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதி) எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி (ஒரு துடிப்புக்கு ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் என்று இரண்டு கணக்கு) அதைக் கடிகார வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்பது. ஆர்டிஎக்ஸ் 4060இல் 3072 கோர், 2.46 கிகாஹெர்ட்ஸ், ஆக 15.1. ஆர்டிஎக்ஸ் 3060இல் 3584 கோர், 1.777 கிகாஹெர்ட்ஸ், ஆக 12.7. ஒரு கோர்கூட ஒரு நொடியும் சும்மா நிற்காமல் வேலை செய்தால்தான் இந்த எண் நிஜமாகும். அப்படி எந்த கேமிலும் நடப்பதில்லை.

கோர்களுக்கு வேலை கொண்டுவந்து கொடுப்பது மெமரி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். துறைமுகத்துக்குள் எத்தனை கிரேன் நின்றால் என்ன, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் உள்ளே கிரேன்காரர் டீ குடிக்க வேண்டியதுதான். அந்தச் சாலையின் அகலத்தைத்தான் பஸ் அகலம் என்கிறார்கள். 3060இல் 192 பிட், நொடிக்கு 360 ஜிபி. 4060இல் 128 பிட்தான், நொடிக்கு 272 ஜிபி. இரண்டில் புதுசு என்று வாங்குகிற கார்டில் சாலை குறுகிவிட்டது. உங்கள் அட்டவணையில் இந்த வரி இல்லை.

அதற்காக 4060ஐ மட்டம் தட்டவும் மாட்டேன். கிரேனுக்குப் பக்கத்திலேயே ஒரு குடோன் கட்டியிருக்கிறார்கள். அதாவது எல்2 கேஷ் 24 எம்பி, பழைய 3060இல் 3 எம்பிதான். அடிக்கடி தேவைப்படுவது குடோனிலேயே கிடைத்துவிடுவதால் சாலைக்குப் போகிற தேவை குறைகிறது, அதனால் 1080பி (ஃபுல் எச்டி) திரையில் விளையாடுகிறவருக்கு 4060தான் வேகம். என்விடியா நிறுவனமே 4060 வந்தபோது சொன்ன கணக்கு, ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாமல் 3060ஐவிடச் சராசரியாக 1.2 மடங்கு, அதைச் சேர்த்துக்கொண்டால் 1.7 மடங்கு. இதில் இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், அது இடையிடையே புதுசாக வரைந்து செருகிய ஃப்ரேம்களையும் சேர்த்து எண்ணியது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறொரு இடத்தில். "3060" என்று மொட்டையாகப் போட்டிருக்கிறீர்கள். எந்த 3060? 2021 பிப்ரவரியில் வந்தது 12 ஜிபி கார்டு (எங்கள் ஏரியாவுக்கு மெட்ரோ வந்ததும் அதே மாதம்தான், அதனால் மறக்கவில்லை). 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றை இறக்கினார்கள். அதிலும் அதே 3584 கோர், அதே கடிகாரம், ஆகவே அதே 12.7 டெராஃப்ளாப்ஸ். ஆனால் சாலை 128 பிட், நொடிக்கு 240 ஜிபிதான். உங்கள் அட்டவணைப்படி பார்த்தால் இரண்டும் ஒன்று, கேமில் ஓட்டினால் பின்னால் வந்தது தெளிவாகப் பின்தங்குகிறது. பெட்டியின் முகப்பைப் பார்த்து ஏமாந்து வாங்கிவிட்டு என் கடைக்கு வந்து, "அண்ணா, யூடியூப்ல வர்ற ஸ்பீடு இதுல வரலையே" என்று நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தலைமுறை மாறினால் இந்த எண்ணை ஒப்பிடவே கூடாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2018இல் வந்த 2080 டிஐக்கு 13.4, 2020இல் வந்த 3070க்கு 20.3. காகிதத்தில் ஒன்றரை மடங்கு, ஓட்டினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். முழு எண் கணக்குக்கென்று தனியாக இருந்த பிரிவைப் புதிய தலைமுறையில் தசமக் கணக்கும் போடுகிற மாதிரி மாற்றி, அதையும் கோர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். முழு எண் வேலை வரும்போது அந்தக் கோர்கள் அதற்குப் போய்விடும், எண்ணிக்கை மட்டும் அட்டையில் அப்படியே இருக்கும்.

அப்புறம் மதர்போர்டு. பையனிடம் இருப்பது எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர், பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டைச் செருகும் இணைப்பு) 3.0 போர்டு. வட சென்னையில் என் கடைக்கு வருகிற மெஷின்களில் பாதி இந்த ரகம்தான். 4060 எட்டு லேன் (போர்டுக்கும் கார்டுக்கும் நடுவே தகவல் போகிற தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, 3060 பதினாறு. புது போர்டில் எட்டு லேனே தாராளம், 3.0 போர்டில் அதன் வேகம் பாதியாகி நொடிக்குச் சுமார் 8 ஜிபிக்கு இறங்கிவிடும். வேலை 4060இன் 8 ஜிபி மெமரிக்குள் அடங்குகிற வரை பெரிய வித்தியாசம் தெரியாது. மெமரி நிரம்பி சிஸ்டம் ரேமுக்கு வழிய ஆரம்பித்தால்தான் திக்கித் திணறும். இவன் பிளெண்டர் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேரில் பெரிய சீன் போட்டு ரெண்டர் எடுப்பவன், அவனுக்கு வழியத்தான் செய்யும்.

4060க்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய பெரிய விஷயம் மின்சாரம். அது 115 வாட், 3060 170 வாட். தினம் ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 55 வாட் வித்தியாசம் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 20 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்று கணக்குப் பார்த்து வாழ்கிற வீட்டில் இது சின்ன விஷயமா? போதாததற்கு ஷீட் போட்ட மாடி அறை, மே மாதம், அந்த 55 வாட்டும் சூடாக அறைக்குள்ளேயேதான் இறங்கும். பெயருக்கு 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கும் 4060தான் பாதுகாப்பு. இதையும் நீங்கள் போடவில்லை.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒப்பீடு போடும்போது மெமரி அளவு, பஸ் அகலம், லேன், வாட் இந்த நான்கையும் டெராஃப்ளாப்ஸுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். இடம் இல்லை என்றால் டெராஃப்ளாப்ஸை எடுத்துவிடுங்கள், ஒன்றும் குடி முழுகாது.

பையன் கொண்டுவந்த உங்கள் பக்கத்திலேயே ஓரத்தில் பேனாவால் "3060, 12 ஜிபி, 192 பிட், பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்கு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை மெட்ரோ ஏறி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகிறான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை