'ஒரு சர்வர் போட்டால் போதும்' என்பது அவ்வளவு சுலபமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினி விளையாட்டுகளை நண்பர்கள் கூடி மறுபடி ஆடுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை நன்று. ஆனால் 'ஒரு சர்வர் போட்டால் போதும்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். சர்வர் என்பது ஆடுபவர் எல்லோரும் வந்து இணையும் மையக் கணினி, அதில் ஓடும் நிரல். முழு வேலையும் அந்த வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

2003-ல் வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் இன்னும் ஓடுகிறதென்றால், சர்வர் மென்பொருளை வால்வ் நிறுவனம் ஆடுபவர் கையிலேயே கொடுத்ததுதான் முக்கியக் காரணம். யூபிசாஃப்டின் 'தி க்ரூ' கார் பந்தயத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2024 மார்ச் 31 அன்று நிறுவனம் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாக ஓட்டிப் பார்க்கக்கூட வழியில்லாமல் போயிற்று. அதையொட்டிக் கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனு, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

சரி, 1.6 சர்வரை எங்கே வைப்பது? வீட்டுக் கணினி என்றால் முதலில் ரவுட்டரின் வேன் (WAN) முகவரியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனத்தார் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரவுட்டரில் போர்ட்டை, அதாவது சர்வருக்கான எண்ணிட்ட வாசலை, எத்தனை முறை திறந்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் நுழைய முடியாது. புதிய வகை முகவரியான ஐபிவி6 இருக்கிறதே என்பார்கள். இந்த ஆட்டத்துக்குப் பழைய வகையான ஐபிவி4 மட்டும்தான் தெரியும். நிலையான பொது முகவரிக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது வாடகைச் சர்வர் எடுக்க வேண்டும். 16 பேருக்கு 1 ஜிபி ரேம் போதும். ஆட்டத்தின் எஞ்சின் செயலியின் ஒரே கோரில்தான் ஓடும் என்பதால் நான்கு கோருக்குக் காசு கொடுப்பது வீண். வேகமான ஒன்று மேல். ஆளுக்கு நொடிக்கு 25,000 பைட் என்று வைத்தால், 16 பேருக்கு அதிகபட்சம் 3.2 மெகாபிட்தான் வெளியே போகும்.

லினக்ஸில் நிறுவும்போது, சர்வர் கோப்புகளை இறக்கித் தரும் வால்வின் ஸ்டீம்சிஎம்டி நிரலை ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பையே 'இல்லை' என்று கணினி சாதிக்கும். ஸ்டீம்சிஎம்டி 32 பிட் நிரல். 64 பிட் கணினியில் 32 பிட் நூலகக் கோப்புகளைத் தனியாகப் போட வேண்டும். அடுத்து, 90 என்ற எண்ணில் (ஸ்டீமில் இந்தச் சர்வருக்கான அடையாள எண்) சர்வரை இறக்கும்போது பாதியில் நின்றுவிடும். இது பழைய வியாதி. முழுதாக இறங்கிவிட்டது என்று வரும்வரை அதே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதே வைத்தியம். 27015 போர்ட்டை யுடிபியில் திறக்க வேண்டும். யுடிபி, டிசிபி இரண்டும் தரவை அனுப்பும் முறைகள். டிசிபியை மட்டும் திறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். சர்வர் அமைப்பில் எஸ்வி லேன் (sv_lan) 0 என்று இல்லாவிட்டால் வெளியூர் நண்பரைச் சர்வரே திருப்பி அனுப்பிவிடும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் சர்வரை ஓட்டாதீர்கள். இணைப்பு அறுந்தாலும் நிரலை ஓடவிடும் ஸ்கிரீன் அல்லது டிமக்ஸுக்குள் தொடங்குங்கள். இல்லையென்றால் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் ஜன்னலை மூடியதும் ஆட்டமும் முடிந்துவிடும்.

தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளையிடும் ஆர்கான் (rcon) கடவுச்சொல் எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே இணையத்தில் பயணிக்கிறது. அதைக் காலியாக விட்டு, ஏஎம்எக்ஸ் மாட் எக்ஸ் என்ற நிர்வாக இணைப்பு நிரலில் ஸ்டீம் ஐடியை (ஸ்டீம் கணக்கின் அடையாள எண்) கொண்டு இரண்டு பேருக்கு நிர்வாக உரிமை கொடுப்பது பாதுகாப்பு. திருட்டுப் பிரதிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அப்போது ஐடியை நம்ப முடியாது; இன்று தடை செய்தவர் நாளை வேறு ஐடியில் வந்து நிற்பார். விலை குறைவான ஆட்டம், வாங்கச் சொல்லிவிடலாம்.

புது உருவங்கள், ஒலிகள் என்று பிளகின்களை (கூடுதல் நிரல்களை) அடுக்கும் ஆசையில்தான் பல சர்வர்கள் விழுகின்றன. உருவக் கோப்புகளுக்கு 512 என்பதே எஞ்சினின் வரம்பு. தாண்டினால் மேப் (ஆட்டக்களம்) ஏறும்போதே சர்வர் விழும். சேர்த்த கோப்புகளை வேறொரு வெப் சர்வரில் வைத்து, சர்வர் அமைப்பில் எஸ்வி டவுன்லோட் யூஆர்எல் (sv_downloadurl) என்ற இடத்தில் அதன் முகவரியைக் கொடுங்கள். ஆட்டச் சர்வரே பரிமாறினால், புதிதாக வருபவர் காத்திருந்து சலித்துப் போய்விடுவார்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சர்வர் காலியாகக் கிடக்கலாம். காலிச் சர்வருக்குள் யாரும் வருவதில்லை. நேரத்தை முன்பே குறித்துவிடுவது நல்லது. நம் நேரப்படி சனி இரவு 9.30 என்றால் துபாய் நண்பருக்கு 8 மணி, சிங்கப்பூர்க்காரருக்கு நள்ளிரவு 12. ஆகவே ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால் தப்பில்லை. ஆள் சேரும்வரை கணினியே ஆட்டும் நான்கைந்து பாட்களை ஆட விட்டு, ஒருவர் நுழைந்தால் ஒரு பாட் விலகும்படி அமைக்கலாம்.

வாடகைக் கணக்கின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அவர் ஒரு மாதம் கட்ட மறந்தால், நிறுவனம் வட்டையே அழித்துவிடக்கூடும். சர்வர் அமைப்புக் கோப்பு, மேப் வரிசைக் கோப்பு, ஏஎம்எக்ஸ் மாட் எக்ஸ் ஃபோல்டர், நீங்களாகச் சேர்த்த மேப்கள் ஆகியவற்றை வாரம் ஒருமுறை இன்னொருவர் கணினிக்கு நகலெடுங்கள். மற்றதையெல்லாம் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை