அல்சூர் ஏரிக்கரை அக்காவுக்கு நன்றி

2022 மார்ச். பெங்களூருவில் மூன்றாவது நேர்முகத் தேர்விலும் அதே கதைதான். சான்றிதழில் ஆண் பெயர், எதிரில் புடவையில் நான். 'அப்புறம் சொல்கிறோம்' என்று அனுப்பிவிட்டார்கள். அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து, 'எல்லாம் நல்லா நடந்துச்சும்மா' என்று போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்த நீங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டி, 'உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?' என்று தமிழில் கேட்டீர்கள். இந்த ஊரில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

நீங்கள் மனநல ஆலோசகர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு முன் நான் பார்த்த ஆலோசகர், 'வீட்டில் உடனே சொல்லிவிடு' என்றார். நீங்களோ, 'தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு தோணுதா? சரி, அதுவும் உன் முடிவுதான்' என்றீர்கள். எங்கள் வீடு எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை.

என் ஃபைலை வாங்கி மடியில் விரித்து, பயோடேட்டாவின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினீர்கள்: 2019 திருநர் சட்டம், மத்திய அரசின் திருநர் இணையதளத்தில் விண்ணப்பம், மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்று, அதை வைத்து மற்ற ஆவணங்களில் பெயர் மாற்றம். வேலையில் பாகுபாடு கூடாது என்னும் 9-ஆம் பிரிவுக்கு மட்டும் இரண்டு முறை கோடு போட்டீர்கள். இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்ததை எப்படிச் சொல்வது என்று ஒத்திகையும் பார்த்தோம். இருட்டும் வரை இருந்தீர்கள். உங்கள் பெயரைக் கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

சான்று வந்துவிட்டது அக்கா. கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கழுத்தில் தொங்கும் அட்டையில் என் பெயர்தான் இருக்கிறது. இதை யாராவது உங்களிடம் காட்டினால் ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.