நெடுந்தீவுத் தண்ணீர்த் தாங்கிக்கு இன்னும் 5,75,000 ரூபாய் வேண்டும்

ஊரிலும் வெளிநாடுகளிலும் வாழும் நெடுந்தீவு உறவுகளுக்கு வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன், மழைநீரைச் சேர்க்க நாம் கட்டும் வாசிகசாலைத் தாங்கிக்கு மேல்தட்டுப் போட்டாக வேண்டும். தவறினால் இந்த மாரியின் தண்ணீரும் கடலுக்குத்தான். வரும் கோடையிலும் குடத்தோடு தண்ணீர் கொண்டுவரும் பவுசரைப் பார்த்து நிற்போம்.

நம் தீவின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் பெரியவர்கள் நிறுத்தமாட்டார்கள். வெடியரசன் ஆண்ட மண் என்பார்கள். பறங்கியரான போர்த்துக்கேயர் முருகைக்கல் என்னும் பவளப்பாறைக் கல்லை அடுக்கி எழுப்பிய கோட்டை, 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தபின் ஒல்லாந்தர் கைக்குப் போன கதை, ஒருவர் உள்ளே நுழைந்து நிற்கக்கூடிய பெருக்கமரம், கட்டாக்காலியாகத் திரியும் மட்டக்குதிரைகள், வளவுதோறும் கல்வேலி என்று பொழுது சாயும்வரை அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கோட்டைக்குக் கல் தந்த அதே முருகைக்கல் தரை மழைநீரை மேலே தங்கவிடுவதில்லை. கிணறுகளில் பெரும்பாலானவை உவர். நல்ல தண்ணீர் சாறாப்பிட்டிப் பக்கம்தான். கடும் வறட்சியில் குதிரைகள் செத்து விழுவதையும் பார்த்தவர்கள் நாம்.

மொத்தச் செலவு 18,40,000 ரூபாய். சீமெந்து, கம்பி, சல்லிக்கு 8,10,000. மேசன்மார் கூலி 5,40,000. பீலிக்கும் குழாய்களுக்கும் 2,30,000. குறிகட்டுவான் துறையில் படகில் ஏற்றி இங்கே இறக்க மட்டும் 2,60,000. தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் படகு ஓடாத நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. இதுவரை சேர்ந்தது 12,65,000.

தந்தவர்களை மறக்கமாட்டோம். தகப்பனாரின் அந்தியேட்டிக் கிரியைச் செலவைச் சுருக்கி 3,00,000 அனுப்பிய லண்டன் குடும்பத்துக்கும், முதல் மாதச் சம்பளத்தை அப்படியே தந்த இளம் ஆசிரியைக்கும், கனடாவில் வீடு வீடாகச் சென்று திரட்டிய தம்பிமாருக்கும், சம்பளம் வாங்காமல் குழி வெட்டிய இளைஞர்களுக்கும், பனங்கிழங்கு ஒடியல் விற்ற காசில் 2,000 ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தந்த ஆச்சிக்கும் எங்கள் நன்றி. பிள்ளையாரும் மாதாவும் அவர்களைக் காக்கட்டும்.

ஆச்சி தந்துவிட்டார். திருவிழாவுக்கு வந்து, கோட்டைக்கு முன்னால் படம் எடுத்து, 'எங்கள் ஊர்' என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் பலர் இன்னும் தரவில்லை. யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை. ஆனாலும் தண்ணீர் வார்ப்பது புண்ணியம் என்று சைவரும் வேதக்காரரான கிறிஸ்தவரும் ஒரே வாயால் சொல்லும் ஊரில் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆவணி முடிவதற்குள் தாருங்கள். வாசிகசாலையில் பணமாகச் செலுத்துவோர் பற்றுச்சீட்டை மறவாமல் பெற்றுக்கொள்ளவும். வெளிநாட்டில் இருப்போர் ஊரிலுள்ள உறவினர் மூலம் செலுத்தலாம். பெயர் வேண்டாம் என்போர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்வெட்டுக்காரர் எழுதத் தொடங்கிவிட்டார்.

இப்படிக்கு,
தண்ணீர்த் தாங்கிப் பணிக்குழுவினர்