விக்கிப்பீடியாத் தன்னார்வலர்களுக்குப் பத்திரிகையின் பழைய பக்கங்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணைப்பில் அண்மையில் வந்த ஒரு கட்டுரை, விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆகவே அதை நம்ப முடியாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது உண்மைதான். எழுதிய பிறகு அந்த வரி என்ன பாடு படுகிறது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் பக்கத்து ஊர்கள், அணைகள், குளங்கள் பற்றிய கட்டுரைகளைத் திருத்திவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். தங்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்க வேண்டும்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. அப்போது விக்கிப்பீடியாவில் சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை, சிவகிரி என்று எங்கள் ஊர்க் கட்டுரை எதைத் திறந்தாலும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருந்தது. ஒரு கட்டுரையில் மாவட்டத்தை மாற்றுவதென்றால் முதல் வரியை மட்டும் திருத்தினால் போதாது. வலப்பக்கத் தகவல் பெட்டியில் மாற்ற வேண்டும், மாவட்டத்து ஊர்களை வரிசையாகக் காட்டும் வார்ப்புருவில் மாற்ற வேண்டும், ஒரே வகைக் கட்டுரைகளை ஒன்றாகத் தொகுக்கும், கட்டுரையின் அடியில் இருக்கும் பகுப்பையும் மாற்ற வேண்டும். இந்தப் பகுப்பைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் அது தவறாக இருந்தால், தென்காசி மாவட்டத்து ஊர்களைத் தேடிவரும் மாணவருக்கு அந்த ஊர் கண்ணிலேயே படாது. அதே மாதத்தில் கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு மாவட்டங்களும் வந்துவிட்டன. அடுத்த ஆண்டு மயிலாடுதுறை.

இந்த வேலையை யாரும் யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. ஒருவர் ஊராட்சிகளை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் கோயில்களை எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர்களை நேரில் பார்த்தே இராத இலங்கைத் தமிழர் ஒருவர் வரைபடங்களைச் சரிசெய்தார். சம்பளம் கிடையாது, பெயர் போடுவதும் கிடையாது. பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் யார் எந்த நிமிடத்தில் எந்த எழுத்தைத் திருத்தினார் என்பது தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு திருத்துகிற காரியமும் இல்லை இது. திருநெல்வேலி என்று இருக்கும் இடத்திலெல்லாம் தென்காசி என்று போடும்படி ஒரு தானியங்கியை, அதாவது தானாகத் திருத்தும் நிரலை, ஏவிவிட்டால், அது செய்யும் கோளாறைச் சரிசெய்யவே தனியாக ஆள் தேட வேண்டும். ஆலங்குளம் தென்காசி மாவட்டத்து ஊர். ஆனால் ஆலங்குளம் சட்டமன்றத் தொகுதி இருப்பது திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டம். மக்களவைக்கு மட்டும் தென்காசி. அணைகளில் பாபநாசமும் மணிமுத்தாறும் நெல்லையிலேயே இருக்கின்றன. கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் ஐந்தும் தென்காசிப் பக்கம் வந்துவிட்டன. சிற்றாறு குற்றால மலையில் பிறந்து தாமிரபரணியில் போய்ச் சேர்கிறது, ஆகவே அதற்கு இரண்டு மாவட்டப் பகுப்பும் வேண்டும்.

செங்கோட்டை இன்னும் சிக்கல். 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1886இல் வாஞ்சிநாதன் அங்கே பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அவரைத் தென்காசி மாவட்டத்தவர் என்று வகைப்படுத்தலாமா? பகுப்பு இன்றைய எல்லைப்படி இருக்கட்டும், கட்டுரைக்குள் அன்றைய ஆட்சியைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம் என்பது என் கட்சி. இதை ஏற்காதவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளுக்காகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கம் இருக்கிறது. அங்கேயும் தீராவிட்டால் ஆலமரத்தடி என்ற பொதுப் பக்கத்துக்கு வந்து பேசுகிறோம். ஒருவர் மாற்ற, மற்றவர் அழிக்க என்று மல்லுக்கு நிற்பதைவிட, பேசி ஒரு முடிவுக்கு வந்தபின் கை வைப்பதே முறை.

அப்புறம், கட்டுரையின் மேலே பட்டையாகவும் வரிக்கு நடுவே சிறு எழுத்திலும் தெரியும் குறிப்புகள். மேற்கோள் தேவை என்று ஒரு வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இருப்பதைப் பார்த்தால், இந்தத் தளமே சந்தேகத்துக்குரியது என்று வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், இந்த வரிக்கு ஆதாரம் காட்டப்படவில்லை, தெரிந்தவர்கள் கொடுங்கள் என்று ஒரு தன்னார்வலர் பகிரங்கமாகக் கேட்டு வைத்திருக்கிறார். அப்படிக் குறியிட்ட கட்டுரைகள் தாமாகவே ஒரு பட்டியலில் போய்ச் சேரும். ஆதாரம் தேடுவதில் விருப்பமுள்ளவர் அந்தப் பட்டியலைத் திறந்து, தன்னால் முடிந்ததை எடுத்துச் செய்வார். பிழையை ஒளித்து வைக்காமல் வாசகர் கண்ணில் படும்படி வைக்கும் இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் சம்பளத்துக்கு ஆள் வைத்து, தன் மொழிபெயர்ப்புக் கருவி வழியாக நீண்ட நீண்ட கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியபோதும் தன்னார்வலர்கள் இதைத்தான் செய்தார்கள். வாசிக்க முடியாத தமிழ் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், அந்தக் கட்டுரைகளைத் தனியே அடையாளமிட்டார்கள். 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த, விக்கிப்பீடியர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவுக்கே அந்தக் குறைகளைக் கொண்டுபோனார்கள். எண்ணிக்கை ஏறுகிறதே என்று சும்மா இருந்துவிடவில்லை.

சரி, தங்கள் இதழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. ஜமாபந்தி என்னும் வருடாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கையில் உட்கார்ந்து நானே கணக்குப் பார்த்த கிராமமாக இருந்தாலும், அது வட்டத்தின் உட்பிரிவான எந்தக் குறுவட்டத்தில் இருக்கிறது என்பதற்கு என் வாய்வார்த்தை செல்லாது. அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். இது சரியான விதி. எனக்குத் தெரியும் என்று சொல்லும் எல்லோரையும் நம்ப ஆரம்பித்தால் பிறகு எதுவும் மிஞ்சாது. அரசிதழும் மாவட்ட இணையதளமும் ஓரளவுக்குக் கைகொடுக்கும். ஒரு குளம் எப்போது தூர் வாரப்பட்டது, ஒரு பாலம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்பதற்கெல்லாம் உள்ளூர்ச் செய்தியை விட்டால் வேறு கதி இல்லை. மழைக்காலத்தில் தினமும் வரும் அணை நீர்மட்டச் செய்தி இருக்கிறதே, அடவிநயினார் 132 அடி, கருப்பாநதி 72 அடி என்று மொத்த உயரத்தோடு போடுவீர்கள். அந்தச் சிறு செய்திதான் பல கட்டுரைகளின் அடிக்குறிப்பில் நிற்கிறது.

இரண்டு காரியங்கள் இதைக் கெடுக்கின்றன. ஒன்று, விக்கிப்பீடியாவிலிருந்து அப்படியே எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் அச்சிடுவது. எங்கள் பகுதிக் குளம் ஒன்றை இன்ன பாண்டிய மன்னன் வெட்டினான் என்று யாரோ ஆதாரமின்றி எழுதியிருந்தார். மேற்கோள் தேவை என்ற குறிப்பு அந்த வரியின் மேல் நெடுநாள் இருந்தது. பிறகு ஒரு பத்திரிகையின் சுற்றுலாப் பக்கத்தில் அதே வரி, அதே சொற்களோடு வந்தது. உடனே ஒருவர் அந்தப் பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டிக் குறிப்பை எடுத்துவிட்டார். பக்க வரலாற்றைப் பார்த்தேன். அந்த வரி விக்கிப்பீடியாவில் ஏறியது, பத்திரிகையில் வருவதற்கு வெகு நாட்கள் முன்பு. ஆதாரத்தை நீக்கி, குறிப்பைத் திரும்பப் போட்டு, காரணத்தை உரையாடல் பக்கத்தில் எழுதினேன். கவனிக்காமல் விட்டிருந்தால் யாரோ ஒருவரின் ஊகம் வரலாறாகியிருக்கும், நாளைக்குப் பள்ளி மாணவர்கள் அதைக் கட்டுரைப் போட்டியில் எழுதியிருப்பார்கள். விக்கிப்பீடியாவிலிருந்து எடுப்பதில் தடை எதுவும் இல்லை. அங்குள்ள எழுத்தை யாரும் பயன்படுத்தலாம் என்றுதான் உரிமமே சொல்கிறது. எங்கிருந்து எடுத்தது என்று சொல்லி, அதே உரிமத்தில் மற்றவர்க்கும் விட வேண்டும், அவ்வளவுதான். அருவிகளின் படங்களுக்கும் இதே நியாயம். எடுத்தவர் பெயரை ஒரு மூலையில் போட இடமில்லாமலா போகும்?

இரண்டாவது, இணையப் பக்கங்கள் காணாமல் போவது. நாளிதழ்கள் தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகள் செத்துவிடுகின்றன. இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் யாராவது முன்யோசனையோடு சேமித்து வைத்திருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால், பல பேர் தேடிச் சேர்த்த அடிக்குறிப்பு ஒரே நாளில் வெறும் சுட்டியாகிவிடும். சில தளங்களில் செய்தி இருக்கும், தேதி இருக்காது. தேதியில்லாத செய்தியை எப்படி மேற்கோள் காட்டுவது?

தங்கள் தளத்திலும் 2019 நவம்பர், டிசம்பர் மாதத்து மாவட்டச் செய்திகள் இப்போது திறப்பதில்லை. எந்த வட்டம் எந்தக் கோட்டத்தில் சேர்ந்தது, எங்கே புதிய வட்டாட்சியர் அலுவலகம் வந்தது என்பதையெல்லாம் அப்போது தங்கள் நிருபர்கள் விவரமாக எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கங்களைப் பழைய முகவரியிலேயே, வெளியான தேதியோடு மறுபடி திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முகவரியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய சுட்டியைச் சொடுக்குபவர் புதிய பக்கத்துக்குப் போகும்படி வழிசெய்தாலும் போதும். மற்றத் திருத்தங்களை நாங்கள் செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
தென்காசி மாவட்டம்